பட்டன் இல்லாத பியானோ

பியானோ தேர்வு அறையில் நானும், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மேடமும் மட்டும் இருந்தோம். வெளியே படிக்கட்டில் அப்பா, குரங்குக் குல்லாவோடு. அம்மா வரவில்லை. எங்கள் ஊர் பூம்பாறையில் பூண்டு நடவு. கூலிக்கு ஆள் வைக்கக் காசில்லாமல் தானே குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்த நண்பனும் வரவில்லை. அவனுக்குப் பழனிப் பக்கம் கச்சேரி.

அந்தப் பியானோ எனக்குப் புதிதில்லை. கொடைக்கானலில் நான் அலுவலக உதவியாளராக இருக்கும் பள்ளியின் பியானோ. தினமும் அதைத் துடைப்பவன் நான். மூடிக்குப் பூட்டு, வெளிமரத்தைத் துடைப்பதோடு சரி. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியான எனக்கு அந்த வேலைதான் கிடைத்திருந்தது. இசை வகுப்புக்கு உதவி ஆசிரியர் தேவை என்று கேள்விப்பட்டு முதல்வரிடம் போய் நின்றேன். "பியானோ கிரேடு பரீட்சை பாஸ் பண்ணி சர்டிஃபிகேட் கொண்டு வாங்க, பாக்கலாம்" என்றார்.

அப்பா விதைக்கு வைத்திருந்த பூண்டில் பாதியை விற்றார். ஒரு பழைய கீபோர்டு வாங்கினோம். தேர்வுக் கட்டணமும் கட்டினோம். நண்பன் திருவிழாக் கச்சேரிகளில் வாசிப்பவன். 'ஏ மைனர்' ஸ்கேலின் சுர வரிசையை ஒரே நாளில் காட்டிக் கொடுத்தான். எல்லாம் வெள்ளைக் கட்டை, ஏழாவது மட்டும் கறுப்பு.

"டி மைனர், இ மைனரும் கேப்பாங்களே?"

"ஏலே, இந்தப் பட்டன் எதுக்கு இருக்கு? அமுக்கு, சுருதி ஏறும். கை அதே இடந்தான். பாடுறவன் தொண்டைக்குத் தக்கன நாங்க இப்படித்தான் வாசிக்கிறோம். கறுப்புக் கட்டையில போயி வெரலை ஒடச்சுக்காத."

அமுக்கினேன். டி மைனர் வந்தது. இன்னும் அமுக்கினேன், இ மைனரும் வந்தது. என் காதுக்கு எல்லாம் சரி. அடுப்படியிலிருந்து அம்மாதான் சொன்னாள்: "எழவு வீடு மாதிரி கெடக்கு. வேற நல்லதா ஏதாச்சும் வாசிடா."

தேர்வில் ஏ மைனர் சுத்தமாக வந்தது. தேர்வாளர் தலையசைத்தார். "டி மைனர்" என்றார்.

என் இடது கை தானாக மேலே போனது. கீபோர்டில் பட்டன் இருக்கும் இடத்தில் இங்கே வழுவழுவென்று மரம். நான் தினமும் துடைக்கும் அதே மரம்.

"என்ன தேடுறீங்க?"

"பட்டன், மேடம்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. டியில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளில் ஏறினேன். தப்பு என்று காதுக்குத் தெரிந்தது. எந்தக் கறுப்பைத் தொட வேண்டும் என்று விரலுக்குத் தெரியவில்லை. இ மைனரும் அப்படியே. அதற்குப் பிறகு, மனப்பாடமாக இருந்த பாட்டுகளிலும் தப்புக் கட்டைகளைத் தொட்டேன்.

"என்னய்யா, வெரசா முடிஞ்சிருச்சு?" படிக்கட்டிலிருந்து அப்பா எழுந்தார்.

"சரியா வாசிக்கலப்பா. பியானோவுல பட்டன் இல்ல."

"ஒண்ணு வாங்கிப் போட முடியாதாய்யா?"

ஊர் பஸ் பிடிக்க நடந்தோம்.

தேர்வில் தேறவில்லை. உதவி ஆசிரியராகச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். பியானோ சாவி இப்போது அவரிடம். துடைப்பது நான்தான். விதையில்லாமல் எங்கள் வயலில் பாதி அந்தப் போகம் முழுக்கத் தரிசாகக் கிடந்தது. கீபோர்டு, கட்டணம், விளையாமல் போன பூண்டு எல்லாம் சேர்த்து அப்பா ஒரு நாள் கணக்குப் போட்டுச் சொன்னார்: நாற்பத்தோராயிரம் ரூபாய்.