தேவதர்ஷினி முடித்த ஆட்டங்கள்

கல்யாணமாகி மாடம்பாக்கத்துக்கு வந்த முதல் வாரத்தில், கூடத்து ஷோகேஸின் மேல் தட்டு முழுக்க சீடிகள் அடுக்கியிருப்பதைப் பார்த்து, தன் புருஷன் பாட்டுப் பைத்தியம் போலிருக்கிறது என்றுதான் தேவதர்ஷினி நினைத்தாள். எடுத்துப் பார்த்தால் எல்லாம் வீடியோ கேம். கார் பந்தயம், கப்பல் சண்டை, நகரம் கட்டுவது, பாழடைந்த மாளிகையில் கொலைகாரனைத் தேடுவது. பாதிக்கு மேல் உறையே பிரிக்கவில்லை. அது 2002.

ஜெயவேலுவுக்குக் கம்பி, சிமெண்ட் கடை. குடும்பத்து நெல் வயல்களெல்லாம் மனைகளாகிப் போனபோது ரோட்டோரத்துத் துண்டை மட்டும் விற்காமல் வைத்துக் கடை போட்டவர்கள். திரும்பின பக்கமெல்லாம் வீடு எழும்பிக்கொண்டிருந்த காலம். அவனுக்குச் சாப்பிடவே நேரம் இருக்காது. ஆனால் சரக்கு வாங்கப் பாரிமுனைக்குப் போனால், பர்மா பஜாரில் நுழைந்து இரண்டு சீடியாவது வாங்காமல் தாம்பரம் ட்ரெயினில் ஏறமாட்டான்.

“இதெல்லாம் எப்போங்க ஆடுவீங்க?”

“ஆடணும். கடைய மூடிட்டு வந்தா கண்ணு சொக்குது. ஒரு ஞாயித்துக்கிழம உக்காந்தா முடிச்சிடலாம்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை வரவேயில்லை. கடைக் கணக்குக்கென்று வாங்கிய கம்ப்யூட்டர் பூப்போட்ட உறையைப் போர்த்திக்கொண்டு மூலையில் கிடந்தது.

ஒரு மதியம் தூசி தட்டும்போது அவள் அந்த உறையை எடுத்தாள். பி.காம். முடித்த கையோடு தாம்பரத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் போனவள்தான். ஆனால் அங்கே யாரும் கேம் ஆட விட்டதில்லை. கப்பல் சண்டை சீடியைப் போட்டாள். அவள் கப்பல் மூழ்கியது. மறுபடி போட்டாள், மறுபடி மூழ்கியது. அடுப்பில் வைத்த பருப்பு அடிபிடித்த வாசனை வந்த பிறகுதான் எழுந்து ஓடினாள்.

அதற்குப் பிறகு மதியங்கள் அவளுடையவை. முடித்த சீடியைக் கீழ்த் தட்டுக்கு மாற்றுவாள். பாதியில் நிற்பது நடுத் தட்டில் இருக்கும். எந்த ஆட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்பது ஷோகேஸைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதற்காகக் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் டம்ளர்களெல்லாம் பரணுக்குப் போயின.

நகரம் கட்டும் ஆட்டத்தின்போது மட்டும் மாமியார் பொன்னியம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

“அது இன்னாமே, நீலமா கீதே?”

“ஏரி அத்தை. மூடிட்டு வீடு கட்டினா ஜனம் நிறைய வரும்.”

“வேணாம். வூட்ட தள்ளிக் கட்டு. ஏரி ஏரியாவே இருக்கட்டும்.”

தேவதர்ஷினி தள்ளித்தான் கட்டினாள். அந்த நகரம் பெருகவே இல்லை. ஆனாலும் இருவருக்கும் அந்த ஊர் பிடித்திருந்தது.

மேல் தட்டில் இடைவெளி விழுவதை ஜெயவேலு கவனிக்கவே பல மாதம் ஆயிற்று. சாப்பிட உட்கார்ந்தவன் ஷோகேஸையே பார்த்தான்.

“மேல இடம் காலியா தெரியுது?”

“முடிச்சத கீழ வெச்சிருக்கேன்.”

“யாரு முடிச்சது?”

“நான்தான்.”

கோபித்துக்கொள்வானோ, கேலி செய்வானோ என்று அவள் காத்திருந்தாள். அவன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, “அந்த மாளிகை கேம்ல கொலகாரன் யாருன்னு மட்டும் சொல்லிடாத. நான் ஆடணும்” என்றான்.

நாலு நாள் பொறுத்துப் பார்த்தான். ஐந்தாம் நாள், “சரி, சொல்லு” என்றான். அவள் மாளிகையின் வாசல் கதவிலிருந்து ஆரம்பித்தாள். அன்று முதல் இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு கதை தேவைப்பட்டது. அவன் இன்னும் அதிகமாக வாங்கி வந்தான். மகள் பிறந்த பிறகு அவளுக்கும் ஆட நேரமில்லாமல் போயிற்று. மேல் தட்டு நிரம்பி, ஷோகேஸின் தலைமேலும் சீடிகள் ஏறின.

“போதுங்க. ஒண்ணு முடிச்சா ஒண்ணு வாங்குங்க.”

“அதுக்குள்ள புதுசு வித்துப் போயிடும் தர்ஷினி” என்பான், ரொம்பக் கவலையாக.

2005 மழையில் மாடம்பாக்கம் ஏரி நிரம்பி வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. குழந்தையையும் பொன்னியம்மாளையும் மாடிக்கு ஏற்றி, அரிசி, துணிமணி, நகைப் பெட்டி என்று ஒவ்வொன்றாக மேலே கொண்டுபோனார்கள். தரையில் இருந்த சிபியூ முழுகிவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், மேல் தட்டுச் சீடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நடுத் தட்டுக்கு ஈரம் தட்டியதோடு சரி. கீழ்த் தட்டு முழுக்கச் சேறு.

“நல்லவேளை, ஆடாததெல்லாம் தப்பிச்சிது. கீழ இருந்தது முடிஞ்சதுதானே, போனா போவுது” என்றான் அவன்.

தேவதர்ஷினி சேற்றுச் சீடிகளை அள்ளிக்கொண்டு பின்பக்கம் போனாள். கிணற்றடியில் உட்கார்ந்து ஒவ்வொரு சீடியாகக் கழுவித் துடைத்தாள். சேறு போயிற்று, கீறல் போகவில்லை. அழுதுவிடுவாள் போலிருந்தது. கடையிலும் தண்ணீர் புகுந்து சிமெண்ட் மூட்டைகள் கல்லாகிப் போனதற்குக்கூட அவள் அப்படி முகம் வாடி அவன் பார்த்ததில்லை. அவன் பக்கத்தில் குந்தி, துணியை வாங்கித் தானும் துடைத்தான்.

கடை நிமிர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கம்ப்யூட்டர் இல்லை; அவன் பர்மா பஜார் பக்கமே போகவில்லை. கரண்ட் போன சாயங்காலங்களில், “அந்தக் கப்பல் கதைய இன்னொரு வாட்டி சொல்லேன்” என்பான். முன்பு தூக்கக் கலக்கத்தில் தவறவிட்ட இடங்களை நிறுத்தி நிறுத்திக் கேட்டான். மகளும் மடியில் கிடந்து கேட்டாள்.

2007 பொங்கல் கழித்துப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் சொல்லாமலே, ஜெயவேலு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மேல் தட்டிலிருந்து கார் பந்தயத்தை எடுத்துப் போட்டான். சிமெண்டால் வெடிப்பு விழுந்த விரல்கள் கீபோர்டில் தடுமாறின. மற்ற கார்களெல்லாம் பறந்துபோக, அவனுடையது மட்டும் ரிவர்ஸில் போய் வேலியில் முட்டி நின்றது.

“இத எப்படித் திருப்புறது?”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவன் கையை எடுத்துச் சரியான பட்டன்மேல் வைத்தாள். கார் நேரானது. கடைசியாகத்தான் வந்தான். ஆனாலும் வந்து சேரும்வரை எழுந்திருக்கவில்லை.