பாதிக் கஞ்சியும் ஒரு மணி நேரமும்

என் கணவர் தனசேகருக்குச் சர்க்கரை நோய் கிடையாது. ஆனாலும் 1991இல், நினைவில்லாமல் கிடந்த அவருக்கு நாள்தோறும் இன்சுலின் போட்டார்கள்.

வல்லக்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் லேத் பட்டறைக்குக் காலை ஷிப்டுக்குச் சைக்கிளில் போனவரை லாரி தட்டிவிட்டது. தலையில் பலத்த அடி. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

நர்ஸ் அவர் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் காகிதப் பட்டையில் வைத்து, நிறம் மாறுவதைப் பார்த்துச் சர்க்கரை அளவை எழுதிக்கொள்வார்.

"எங்க வம்சத்துலயே சக்கர கெடயாது. எம்புள்ளைக்கு இன்னாத்துக்கு இந்த ஊசி?" என்று மாமியார் டாக்டரிடம் கேட்டார்.

"தலையில அடிபட்டா உடம்பு மிரண்டு சர்க்கரையை ரத்தத்துல ஏத்திடும்மா. ஏறினா மூளைக்குக் கெடுதல். ரொம்ப இறங்கினா அதைவிட ஆபத்து. நடுவுல நிறுத்தப் பார்க்கறோம்."

நான் தலையாட்டினேன். எதுவும் உள்ளே போகவில்லை.

பதினோராம் நாள் பகல் இன்சுலின் போட்டபின், மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றினேன். பாதியில் இருமினார். பயந்து நிறுத்திவிட்டு மீதியைக் கொட்டினேன். திட்டுவார்களென்று யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அவர் நெற்றி வியர்த்தது. வெயில் என்று நினைத்துத் துடைத்தேன். கழுத்தைத் தொட்டால் சில்லென்றிருந்தது. நர்ஸைக் கூப்பிட்டேன்.

"கஞ்சி முழுசா குடுத்தியாம்மா?"

"பாதிதான் சிஸ்டர். இருமிக்கினே இருந்தாரு, வுட்டுட்டேன்."

நர்ஸ் ஓடினார். போட்ட இன்சுலின் முழுக் கஞ்சிக்கானது; பாதிதான் போனதால் தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தாகக் குறைவது). நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வியர்வை நின்றது. நான் அழவில்லை. கழுவிய பாத்திரத்தை மறுபடியும் கழுவினேன்.

"சொல்லியிருந்தா போதும்மா" என்றார் டாக்டர்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் படுத்திருந்தால், குழாயில் போகாத ஒரு டம்ளரையும் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். நினைவில்லாதவருக்குப் பசிக்கிறது, மயக்கமாக வருகிறது என்று சொல்ல வாயில்லை.

நான்காம் வாரம் கண் திறந்தார். சர்க்கரை தானாகவே இறங்கி, இன்சுலினும் நின்றது. வீட்டுக்கு வந்தோம். இப்போது நடக்கிறார், தானே சாப்பிடுகிறார். ஆனால் சொன்னது மனசில் நிற்பதில்லை. லாரி எடுத்துக்கொண்டது எவ்வளவு, அந்த ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டது எவ்வளவு என்று கேட்டேன். அடிதான் காரணம் என்கிறார் டாக்டர். நம்புகிறேனா என்று எனக்குத் தெரியவில்லை.

"மணி இன்னா?" என்று நாளுக்குப் பத்துத் தடவை கேட்பார். பத்துத் தடவையும் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வேன்.

போன வாரம் பார்க்காமலே என் வாயில் பதில் வந்தது.

"நீ சாப்ட்டு ஒரு மணி நேரம் ஆச்சுய்யா."