கடைசி இரண்டு இலக்கங்கள்

இது நடந்தது. நடந்த ஊருக்குப் பெயர் இருக்கிறது, நடந்தவருக்கு விலாசம் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் யோகராஜாவின் வீட்டுக்கே போய்க் கேட்கலாம். போன் எடுத்துவிட்டுப் போகலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். பின்னேரங்களில் அந்த லைன் எப்போதும் பிசி.

யோகராஜா பேய்க்குப் பயந்தவர் அல்லர். குரோய்டனில் விசா வரிசையில் நின்று நின்று, இருந்த பயம் முழுவதையும் அங்கேயே செலவழித்துவிட்டவர். “என்னைப் பிடிக்கிற பேய்க்குத்தான் நட்டம்” என்பார். பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. மிச்ச நேரத்தில் தன்னைத் தானே பகிடி பண்ணுவது.

அவருடைய தங்கை கமலாம்பிகை. தங்கையின் கணவன் முருகேசன் 1991 நவம்பரில், ஆட்களைக் கள்ளமாகக் கொண்டுபோகிற ஏஜென்சிக்காரனோடு லண்டனுக்குப் புறப்பட்டவன். மொஸ்கோ, போலந்து, பிறகு ஓர் ஆறு. ஆற்றுக்கு அந்தக் கரை ஜேர்மனி. இருட்டில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். முருகேசனுக்கு முன்னால் போன பஸ்தியாம்பிள்ளை இப்போது லண்டன் சட்டனில் கடை வைத்திருக்கிறார். அவர் யோகராஜாவுக்குச் சொன்னது:

“கரை ஏறித் திரும்பிப் பாக்கிறன், என்ரை சேட்டைப் பிடிச்ச கையைக் காணேல்லை. திரும்பிப் போயிட்டானோ, ஆத்தோடை போயிட்டானோ, எனக்குத் தெரியாது தம்பி. எதிர்க்கரையிலை ரெண்டு கூர்க்கோபுரம் வைச்ச பெரிய சேர்ச். அதுதான் ஞாபகம்.”

பிரேதம் இல்லை. கடிதம் இல்லை. ஒரு போன்கூட இல்லை. யோகராஜாவின் போன் இலக்கத்தைப் பாடமாக்க வைத்துத்தான் ஏஜென்சிக்காரன் அவனைக் கூட்டிப்போயிருந்தான். கடதாசியில் இருந்தால் பொலிஸ் பிடித்துவிடுமாம். அப்படியும் போன் வராததால் சனம் தானே ஒரு கதை கட்டியது. முருகேசன் ஜேர்மனியில் ஸ்ருற்காட்டில் வெள்ளைக்காரி ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறான். பிறகு லண்டன் வந்து யோகராஜாவோடு தங்கிய கமலாம்பிகையைக் கலியாண வீடுகளில் கண்டால், முதலில் பொட்டைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தார்கள்.

அவள் வீடு மாறவும் விடவில்லை. சுவரெல்லாம் பூஞ்சணம் பிடித்த வீடு. “நம்பர் மாறினா அவர் எங்கை அண்ணை எடுக்கிறது?” 1995இல் லண்டன் இலக்கங்களின் தொடக்கம் 081 போய் 0181 ஆனபோது இரண்டு நாள் சாப்பிடவில்லை. டெலிபோன் கொம்பனியோடு கோபித்துப் பட்டினி கிடந்த முதல் யாழ்ப்பாணத்தாள் இவள்தான் என்று யோகராஜா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். பிறகு பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதார்.

அடுத்த வருடம் பயண விளம்பரப் புத்தகம் ஒன்றில் அந்த இரட்டைக் கோபுரம் அகப்பட்டது. கேர்லிற்ஸ். ஜேர்மனியின் கிழக்கு ஓரத்தில், அதிகம் பேர் அறியாத பழைய நகரம். படத்தைப் பார்த்துப் பஸ்தியாம்பிள்ளை ஓம் என்றார். அதே பக்கத்தில் இன்னொரு விசயமும் இருந்தது. சதுக்கத்தில் ஒரு வீட்டு வாசல், கல் வளைவு. வளைவின் ஒரு பக்கத்தில் வாயை வைத்துக் கிசுகிசுத்தால், அது கல்லோடு ஓடிப்போய் மற்றப் பக்கத்தில் காது வைத்தவருக்குக் கேட்குமாம்.

யோகராஜாவுக்கு ஒரு யோசனை வந்தது. கிசுகிசுப்புக்கு ஆள் அடையாளம் கிடையாது. யார் கிசுகிசுத்தாலும் ஒரே குரல்தான். தங்கையைக் ‘கமலி’ என்று கூப்பிட்டவன் முருகேசன் ஒருவன்தான். ‘கமலி, நான் இப்ப உயிரோடை இல்லை. என்னைப் பாத்துக்கொண்டு இருக்காதை.’ இவ்வளவும் போதும். அழுவாள், அந்தியேட்டிச் சடங்கு செய்வாள், ஆறுவாள். ஒரு தமையன் செய்யக்கூடிய மிகக் கேவலமான உதவி. அதற்கு லீவு எடுத்து, விசா எடுத்து, தங்கையையும் கூட்டிக்கொண்டு விக்ரோறியா பஸ் நிலையத்தில் கோச் ஏறினார்.

நகரம் அழகாகத்தான் இருந்தது. ஐந்நூறு வருடத்து வீடுகள், வளைவுக் கூரை வைத்த நடைகள், பூ வேலை செய்த கதவுகள். பாதி வீடுகளில் ஆளில்லை. நிலக்கரிப் புகை மணத்தது.

“எங்கடை ஊரிலை குண்டு விழுந்து சனம் இல்லை. இங்கை குண்டு விழாமலே சனம் இல்லை” என்றார் யோகராஜா. கமலாம்பிகை சிரிக்கவில்லை. அவள் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இவ்வளவு சின்ன ஆறோ, அண்ணை?”

நவம்பர் மாதம், வியாழக்கிழமை. பின்னேரம் நாலு பத்து. அதற்குள்ளேயே இருட்டத் தொடங்கிவிட்டது. தூரத்து ஆட்களின் குரல் கேட்கிற கல்லாம் என்று யோகராஜா சொல்லியிருந்தார். வளைவின் ஒரு பக்கத்தில் அவள் காதை வைத்தாள். மறு பக்கத்தில் யோகராஜா, அவள் காணாமல், வாயை வைத்தார். கல்லின் குளிர் உதட்டைச் சுட்டது.

சொல்ல வரவில்லை. ஐந்து வருடம் காத்திருந்தவளை ஒரு கல்லுக்குள்ளால் ஏமாற்றும் துணிவு அவரிடம் இல்லை. பேசாமல் நிமிர்ந்தார்.

அவள் விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

“ஏன் அண்ணை பிழையாச் சொல்லுறியள்?”

“என்னத்தை?”

“எங்கடை போன் நம்பரை. கடைசி ஏழு ஒன்பதெல்லோ. நீங்கள் ஒன்பது ஏழு எண்டுறியள். தொடக்கமும் பழைய சைபர் எட்டு ஒண்டு.”

“நான் வாய் திறக்கேல்லை, பிள்ளை.”

அவள் அவரைப் பார்த்தாள். காதை எடுக்கவில்லை.

யோகராஜா தன் பக்கக் கல்லில் காதை வைத்தார்.

முதலில் தண்ணீர். கல்லுக்குள் தண்ணீர் அலம்பும் சத்தம். களக்… களக்…

பிறகு மூச்சு.

பிறகு, வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளையைப் போல… பல் நடுங்க நடுங்க…

சைபர்… எட்டு… ஒண்டு…

கடைசியில் ஒன்பது… ஏழு.

மூச்சு.

திரும்பவும் முதலில் இருந்து…

“வா, பிள்ளை. போவம்.”

அவள் வரவில்லை. வாயைக் கல்லில் வைத்தாள்.

“இஞ்சாருங்கோ… முன்னுக்குச் சைபர் ஒண்டு எட்டு ஒண்டு. கடைசி ஏழு ஒன்பது. ஏழு, ஒன்பது.”

கல் அடங்கியது.

பிறகு… ஒரே ஒரு தரம்…

ஏழு… ஒன்பது.

அவ்வளவுதான்.

கோச் ஏறி லண்டன் வந்து சேர்ந்தார்கள். ஞாயிறு பின்னேரம், அவள் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்ற நேரம், யோகராஜா மெல்லப் போனைத் தூக்கினார். கடைசி இலக்கங்களை மாற்றி அழுத்தினார். ஒன்பது, ஏழு.

ஒரு வெள்ளைக்காரக் கிழவி எடுத்தாள். அவர் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் கேட்டார்: வெளிநாட்டு ஆள் யாராவது, எப்போதாவது, உங்களுக்குப் பிழையாகப் போன் எடுத்ததுண்டா?

கிழவி உடனே கேட்டாள்:

“அந்தத் தண்ணீர்ச் சத்தக்காரனா? அஞ்சு வருசத்துக்கு முந்தி ஒரு குளிர்காலம் தொடங்கினான். ஒவ்வொரு பின்னேரமும் எடுப்பான். ‘கமலி’ என்று ஒரு சொல். பிறகு தண்ணீர்ச் சத்தம். உங்கள் ஆளா? பாவம், நான் நிறைய ஏசிப்போட்டேன். மன்னிக்கச் சொல்லுங்கள்.”

“சொல்லுகிறேன்.”

“ஆனால் போன வியாழக்கிழமைக்குப் பிறகு எடுக்கவில்லை.”

யோகராஜா ரிசீவரை வைத்தார்.

கையை எடுக்கவில்லை.

கைக்குக் கீழே போன் அடித்தது.

குசினியில் குழாய்த் தண்ணீர்ச் சத்தம் நின்றது. கமலாம்பிகை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் முகத்தில் அவசரம்கூட இல்லை.

“விடுங்கோ, அண்ணை. அது எனக்கு.”