கம்பளிக்குள் அடித்த பாஸ்வேர்டு

நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீசுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, கிளார்க் ஸ்டெல்லா தன்னுடைய வேலைநீக்கக் கடிதத்தைத் தானே டைப் அடிப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். அந்த ஆபீசில் டைப் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மேனேஜர் பொன்னுசாமி சொல்லச் சொல்லப் பாதியை அடித்திருந்தார். அதற்குள் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. நான்கு மணிக்கு ஜீப் சேலம் ஹெட் ஆபீசுக்குக் கிளம்பும். கடிதம் அதில் போயாக வேண்டும்.

“ஏனுங்க, கொஞ்சம் வெரசாப் பாத்துக் குடுத்தீங்கன்னா மீதியை அடிச்சிருவனுங்க,” என்றார் ஸ்டெல்லா. கண்கள் சிவந்திருந்தன. குரலில் ஆபீஸ் மரியாதை மட்டும் குறையவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஏற்காடு மலையில் கம்ப்யூட்டர் வைத்திருந்த ஆபீஸ்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஏழு ஆபீஸ்களுக்கு நான்தான் சர்வீஸ் இன்ஜினியர். இன்டர்நெட் என்றால் போன் லைனில் மோடத்தை மாட்டி, பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போக வேண்டும். நூறு மணி நேரம் என்று மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு, சிக்கனமாகச் செலவழிப்பார்கள்.

இங்கே அந்த நூறு மணி நேரமும் பத்தே நாளில் தீர்ந்துகொண்டிருந்தது. ஆபீசில் ஒரு நாளைக்கு அரை மணி நேரம்கூட யாரும் பார்ப்பதில்லை.

“எவனோ நம்ம பாஸ்வேர்டைப் போட்டு ஓட்டறான் தம்பி,” என்றார் மேனேஜர். “மரம் உழுந்து மூணு நாள் போன் செத்துக் கெடந்துச்சே, அந்த மூணு நாளும் ஓட்டிருக்கான். இன்டர்நெட் கம்பெனி அனுப்புன லிஸ்ட்ல இருக்குது. இந்தம்மாவோட தம்பி சேலத்துல கம்ப்யூட்டர் கிளாஸ் போறான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

“பாஸ்வேர்டை மாத்தலீங்களா சார்?”

“நாலு தடவை மாத்தியாச்சு.”

எப்படி மாற்றினார் என்பதைப் பெருமையாகவே சொன்னார். முதல் தடவை ஸ்டெல்லாவைத் திரும்பி நிற்கச் சொன்னார். இரண்டாம் தடவை வெளியே அனுப்பினார். மூன்றாம் தடவை ஜன்னலையும் சாத்தினார். நான்காம் தடவை அவரைக் காப்பி காயப்போடும் களத்துக்கு அனுப்பிவிட்டு, கதவைத் தாழ்போட்டு, கீபோர்டோடு சேர்த்துத் தலைவரைக்கும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒற்றை விரலால் தட்டினார். அந்தப் பாஸ்வேர்டும் அடுத்த வாரமே போய்விட்டது.

“அப்பறம் இவங்க எப்படிங்க சார் பாத்திருப்பாங்க?”

“பாக்க வேணுமா? டைப் ஹையர் பாஸ் பண்ணுனவங்க. தட்டற சத்தத்தை வெச்சே கண்டுபுடிச்சிருவாங்க.”

“களத்துப் பக்கத்துல காப்பிப் பழம் உரிக்கிற மிஷின் ஓடுச்சுங்க சார். பேசறதே காதுல உழுகாது,” என்றார் ஸ்டெல்லா.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஒருவருடைய பிழைப்பு போய்க்கொண்டிருந்தது. நன்றாக யோசித்தால், கம்பளிக்குள்ளே மேனேஜரோடு கூட இருந்தது கீபோர்டு ஒன்றுதான்.

முதலில் போன் ஒயரைப் பிடுங்கினேன். புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். திருடன் உள்ளே இருந்தால் வாசலைச் சாத்துவதுதான் முதல் வேலை. கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்து ஆன்டிவைரஸ் ஓட்டினேன். ஒன்றுமில்லை என்றது. அதன் பட்டியல் ஒரு வருடம் பழசு, புதிய திருடனின் முகம் அதற்குத் தெரியாது. ஆன் ஆகும்போது தானாகவே கிளம்பும் புரோகிராம்களின் வரிசையைத் திறந்து பார்த்தேன். பிரிண்டருடையது, மவுசுடையது எல்லாம் தெரிந்தவை. கடைசியில் விண்டோசுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி பெயர் வைத்துக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது.

அதன் பக்கத்தில் ஒரு சின்ன ஃபைல். நோட்பேடில் திறந்தேன். அந்தக் கீபோர்டில் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் அதில் இருந்தது. ஸ்டெல்லா அடித்த பாதிக் கடிதம் இருந்தது. நான்கு பாஸ்வேர்டுகளும் இருந்தன. நான்காவது மேனேஜரின் மாமியார் பெயர். போன் லைன் கிடைத்ததும் அந்தப் புரோகிராம் இதையெல்லாம் யாருக்கோ ஈமெயிலில் அனுப்பிவிடும். நான்கு தடவையும் புதுப் பாஸ்வேர்டைத் திருடன் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார் மனிதர்.

மேனேஜர் ஸ்டெல்லா பக்கம் திரும்பினார். “ஏம்மா, இது உன் தம்பி குடுத்துவிட்ட ஃப்ளாப்பில வந்துச்சா?”

ஃபைலின் தேதியைப் பார்த்தேன். அதே தேதி, அதே நிமிடம் இன்னொன்றும் வந்திருந்தது: கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது திரையில் மீன் நீந்தும் மீன் தொட்டி ஸ்கிரீன் சேவர். சேலத்தில் ஒருவரிடம் ஓசியில் வாங்கிய ஃப்ளாப்பி. கஸ்டமர் சந்தோஷப்படட்டும் என்று நானே ஏழு ஆபீஸ்களிலும் போட்டுக் கொடுத்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி ஸ்டெல்லாவோடு ஜீப்பில் போய்விடும். ஒரு நிமிடம் அப்படியும் நினைத்தேன். அதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

“இல்லீங்க சார். நான்தானுங்க போட்டேன். அந்த மீனோட வந்திருக்குது.”

கம்ப்யூட்டரை, அத்தியாவசியமானது மட்டும் ஓடும் சேஃப் மோடில் ஆன் செய்து, மீனையும் திருடனையும் அழித்தேன். ஸ்டார்ட்அப் வரிசையிலிருந்து பெயரை எடுத்தேன். மறுபடி ஆன் செய்து, திரும்பி வரவில்லை என்று தெரிந்த பிறகே போன் ஒயரை மாட்டினேன். பாஸ்வேர்டை இந்த முறை இங்கே அடிக்காமல், ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து மாற்றிக்கொள்ளச் சொன்னேன்.

மணி மூன்றரை. மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

“ஏம்மா ஸ்டெல்லா, அந்த லெட்டர் இருக்குதா?”

“பாதி இருக்குதுங்க சார்.”

“பேரை மாத்து. இவர் பேரைப் போடு.”

ஸ்டெல்லா என்னைப் பார்க்காமலே அடித்தார். பிரிண்டர் பேப்பரைக் கோணலாக இழுத்தது. நானே நேராக்கிக் கொடுத்தேன். மேனேஜர் படிக்காமல் கையெழுத்துப் போட்டு, ஒரு காப்பியை என்னிடம் தந்தார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் படித்தேன். இனி என் சர்வீஸ் தேவையில்லை என்று எழுதியிருந்தது. கீழே, மேனேஜர் சொல்லாத ஒரு வரி: தன் தவற்றை யாரும் கண்டுபிடிக்கும் முன்பே தானாக ஒப்புக்கொண்டார்.

மற்ற ஆறு ஆபீஸ்களுக்கும் மீனை எடுக்கப் போனபோது அந்தக் கடிதத்தைத்தான் முதலில் நீட்டினேன். ஐந்து ஆபீஸ்கள் என்னை வைத்துக்கொண்டன. ஓசி ஃப்ளாப்பியைச் சோதிக்காமல் யார் மிஷினிலும் போடாதீர்கள். போட்டுவிட்டால் சொல்லிவிடுங்கள். எனக்கு அந்த ஒரு வரியை அடித்துக் கொடுத்தவர், என்னால் வேலை போக இருந்தவர்.