அண்ணன் மூடாமல் விட்ட பின்பலகை

வந்திருக்கும் உறவுகளுக்கும் படகுத்துறை நண்பர்களுக்கும் வணக்கம். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். அண்ணனின் முதல் வருஷ நினைவு நாளுக்குக் கொடுக்கும் இந்தத் தாளில் அவரைப் பற்றி எழுதும்படி அண்ணி என்னிடம்தான் சொன்னார். எதை விட்டுவிடுவேனோ, யார் மனம் நோகுமோ என்று பயந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது இலங்கையில், மலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில். கைக்குழந்தையாகக் கப்பலேறி நிக்கோபாரின் கட்சால் தீவுக்கு வந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டதால், ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டி எங்களைக் காப்பாற்றினார். சுனாமியில் அம்மாவைப் பறிகொடுத்தபின் எங்களை அந்தமானில் இந்த வண்டூருக்குக் கூட்டி வந்தவரும் அவர்தான். அங்கே ஒரு பைபர் படகு வாங்கி, தீவு பார்க்க வருகிறவர்களை ஏற்றினார். ஒவ்வொருவரின் லைப் ஜாக்கெட் பட்டியையும் தானே இழுத்துப் பார்ப்பார்.

"என்ன அண்ணாச்சி, தாலி கட்டுற மாதிரி பாத்துப் பாத்துக் கட்டுறீங்க?" என்று துறையில் கிண்டல் செய்வார்கள்.

"தாலி அவுந்தாலும் ஆள் மிதக்கும்யா, இது அவுந்தா முழுகிரும்" என்பார்.

போன வருஷ மழைக்காலத்தில் படகு என்ஜினில் ரிப்பேர் வேலை வந்தது. அதே சமயம்தான் அண்ணனுக்கு நெஞ்சில் அடைப்பு இருக்கிறது, உடனே மெயின்லேண்ட் போக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கப்பல் டிக்கெட்டும் கிடைத்துவிட்டது.

என்ஜினைக் கழற்றி இறக்கியதும், அது தொங்கும் பின்பலகையைப் படகு ரிப்பேர் செய்யும் மிஸ்திரி சுத்தியலால் தட்டிப் பார்த்தார். ஓரத்தில் கணீரென்றது. நடுவில் பொத்தென்றது. போல்ட் துளையில் திருப்புளியை விட்டார்; அது பாதிக்கு மேல் உள்ளே போய், பழுப்புத் தண்ணீர் வழிந்தது. என்ஜின் ஆடினால் போல்ட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்குவதுதான் எங்கள் துறையில் எல்லோரும் செய்வது. அண்ணனும் அப்படித்தான் செய்துவந்தார். இறுக்க இறுக்க வாஷர் புதைந்து, பைபர் விரிசல் விட்டு, உள்ளே இருந்த பிளைவுட் ஊறிவிட்டது.

மிஸ்திரி தெலுங்குக்காரர். "டென்ஷன் நஹி, அண்ணா. ரெண்டு பக்கமும் அலுமினியம் பிளேட் வெச்சு இறுக்கிடலாம். மேல பெயிண்ட். சீசன் ஓடிடும்" என்றார்.

"சீசன் ஓடும். நடுக்கடல்ல என்ஜின் பலகையப் பேத்துக்கிட்டுப் போனா? ஏறுறவன் தட்டிப் பாத்தா ஏறுறான்?" என்றார் அண்ணன்.

உள்பக்கம் வெட்டித் திறந்தார்கள். மட்கிய பிளைவுட் ஊறின ரொட்டி மாதிரி வந்தது. மீதி மரம் காயாமல் புதுப்பலகை ஒட்டினால் பிடிக்காது. இந்த மழையில் எது காயும்? அண்ணன் தார்ப்பாய் கட்டி, பல்பு எரியவிட்டார். சாயங்காலம் மரத்தின்மேல் பாலித்தீன் ஒட்டி வைப்பார். காலையில் அதற்குள் வேர்த்திருந்தால் ஈரம் போகவில்லை என்று அர்த்தம். தினமும் வேர்த்திருந்தது.

"அண்ணே, கப்பல் போயிரும். மிஸ்திரி பாத்துக்குவாரு."

"நான் போனா அவன் பிளேட்ட வெச்சு மூடிருவான், புள்ள. அடுத்த கப்பல்ல போறேன்."

"நெஞ்சு அதுவரைக்கும் தாங்குமா?"

"நீ பயப்படுறதுக்கே பொறந்தவ. கப்பல்ல ஏத்திவிட்டாலும் அது முழுகுமான்னு கேப்ப."

அண்ணி சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். கப்பல் போனது. அடுத்த கப்பல் வருவதற்குள், பாலித்தீனை உரித்த கையோடு தார்ப்பாய்க்குக் கீழே சாய்ந்தார் அண்ணன். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது.

இரண்டு பெண் பிள்ளைகளோடு அண்ணி என்ன செய்வார்? விலைக்குக் கேட்டவருக்குப் படகைக் கொடுத்தார். அதில் தப்பில்லை. வாங்கியவர் ஈரத்தோடு பிளேட் வைத்து மூடி, பெயிண்ட் அடித்து, ஆள் ஏற்றுகிறார். நல்ல மனிதர்தான். நேரில் போய்ச் சொன்னேன். "சல் ரஹா ஹை நா, தீதி?" என்றார். ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்கிறார். ஓடத்தான் செய்கிறது.

அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடிய துறைக்காரர்களுக்கும், வண்டி எடுத்த பக்கத்து வீட்டாருக்கும், காரியம் முடியும்வரை சமைத்துப் போட்ட கட்சால் சொந்தங்களுக்கும் நன்றி. அந்தப் பலகையை மூட, படகை வாங்கியவர் கூப்பிட்டபோது வரமாட்டேன் என்ற மிஸ்திரிக்குத் தனியாகக் கும்பிடு.

படகை வாங்கியவருக்குத் தமிழ் படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். இன்று சாப்பாட்டுக்கு அவரும் வருவார். பக்கத்தில் உட்காருகிறவர்கள் யாராவது ஹிந்தியில் எடுத்துச் சொல்லுங்கள். கேட்பார் என்ற நம்பிக்கை எனக்கில்லை. குறைந்தது, உங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை, பிள்ளைகளோடு வருகிறவர்களை, அந்தப் படகில் ஏற்றிவிடாதீர்கள்.

— தங்கை