மூங்கில் பந்தலுக்கு நான் கொடுத்த குரல்

குருசுக்குப்பம் கடற்கரையில் வலை பின்னுகிறவர்களுக்கு நிழல் வேண்டுமென்று, ஓவியர் அக்கா ஒருவர் எங்களையே கூட்டி மூங்கில் பந்தல் கட்டக் கற்றுக்கொடுத்தார். மணலில் படுக்கவைத்துக் கட்டிய சட்டத்தை எல்லோரும் ஒன்றாகத் தூக்க வேண்டும். ஆளுக்கொரு நேரத்தில் தூக்கியதில் ஒரு மூங்கில் பிளந்துவிட்டது. இன்னொன்று போனால் மொத்த வேலையும் வீண்.

"படகு தள்ளும்போது ஒருத்தர் குரல் கொடுப்பீங்களே. அண்ணே, நீங்க கொடுங்க" என்று அக்கா என்னைப் பார்த்தார்.

"அவர விடுங்கக்கா. வூட்லயே வாயத் தொறக்கமாட்டாரு" என்றாள் என் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள்.

இத்தனை வருடமும் நான் கூட்டத்தோடு பதில் குரல் மட்டுமே கொடுத்தவன். கண்ணை மூடிக்கொண்டு "ஏலேலோ" என்று கத்தினேன். "ஐலசா" என்று ஊரே பதில் சொன்னது. கண்ணைத் திறந்தபோது பந்தல் நின்றுகொண்டிருந்தது.

அன்று மாலை தொண்டை கட்டிக்கொண்டது. ஏனென்று யாராவது கேட்க மாட்டார்களா என்று வெகுநேரம் தெருவிலேயே நின்றேன்.