ஈரத்தோட கட்டின டிஞ்சர்

எனக்குக் கோர்வையா எழுத வராதுங்க, மறதியும் ஜாஸ்தி, பொறுத்துக்குங்க. போன வாரம் என் கைக்கட்டியைக் கீறுறதுக்கு முன்னாடி நர்ஸ் பழுப்பு மருந்தைத் தடவிட்டு, "காயட்டும் பாட்டி"ன்னாங்க. அந்த வாடையில சின்ன வயசுல நாங்க இருந்த பாலக்கரை வீட்டுக்கே போயிட்டேன்.

எழுபதுகள்ல ஒரு பெரிய வெள்ளிக்கிழமை. காலையில ஸ்டெல்லா அக்கா பாதத்தை ஆணி கிழிச்சிடுச்சு. சிலுவைப்பாதைக்கு வெறுங்கால்ல நடக்கணுமே! மண்ணு படக்கூடாதுன்னு அம்மா அதே வாடையடிக்கிற டிஞ்சர் அயோடினை ஊத்தி, ஈரத்தோடயே துணியால இறுக்கி, மேல பிளாஸ்டிக் தாளும் சுத்துனாங்க.

"பார்சல் மாதிரி இருக்கும்மா"ன்னு சிரிச்ச அக்கா, கொஞ்ச நேரத்துல "எரியுதும்மா"ன்னா.

"எரிஞ்சாத்தான்டி மருந்து வேலை செய்யுது."

அழுதுகிட்டே நடந்தா. வீட்டுக்கு வந்து பிரிச்சப்ப துணியோட தோலும் வந்துடுச்சு. கூட்டிட்டுப் போய்க் காட்டினப்ப டாக்டரம்மா, "லேசாத் தடவி, காய விட்டிருக்கணும். ஈரத்தோட மூடி இறுக்கினா தோல் வெந்துடும்மா"ன்னாங்க.

"இப்ப வலிக்கலம்மா"ன்னு அக்கா அம்மா கையைப் பிடிச்சா. அம்மா கையை இழுத்துக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் எங்களுக்கு அடிபட்டா, பக்கத்து வீட்டம்மாவைத்தான் கூப்பிடுவாங்க. சாகுற வரைக்கும் எங்க காயத்தை அம்மா தொடவேயில்ல.

மருந்தைப் பத்தி நான் எழுதினது சரிதானான்னு யாராவது நர்ஸம்மாகிட்ட கேட்டுப் பாருங்க.